பழுப்புக் கவர்

கிரேஸியின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "உங்க பக்கம் எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டார். காட்பாடியில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கணக்குப் போட்டுத்தான் கேட்பார். பெண்ணின் அப்பா சத்தியநாதன் சார் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஐந்நூறுக்குக் கம்மி இருக்காதுங்க. நகை நட்டுன்னு என்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல. என்கிட்ட படிச்ச பசங்கதான் என் சொத்து. வந்து நிப்பாங்க."

நான் அப்போது காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட ஆபீஸ் டைப்பிஸ்டுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், சார் வீட்டில் ஒத்தாசைக்கு வேறு ஆள் இல்லை. அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தப் பசங்களுக்குப் பதினோரு வருஷமாகக் கடிதம் அனுப்பியவள் நான். யார் பதில் போடுகிறார்கள், யார் போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். சாருக்கும் தெரியும்தான். ஆனால் அவர் அதை நம்பாமல் இருக்கப் பழகியிருந்தார்.

எங்களுடையது பாலாற்றங்கரை மிஷன் பள்ளி. ஆம்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். எழுபத்து மூன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே கணக்கு வாத்தியார் சத்தியநாதன்தான் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக அந்த வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். சம்பளம் கிடையாது. வருஷக் கடைசியில் தாளாளர் ஒரு சால்வை போர்த்துவார். அந்தச் சால்வையும் சங்கப் பணத்தில் வாங்கினதுதான்.

தோல் சாயக் கம்பெனி கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று ஆபீஸ் சுவரில் தொங்கும். ஜனவரி முதல் தேதியன்று சார் சிவப்பு மை பேனாவோடு வந்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பொங்கலுக்கு வாழ்த்துக் கார்டு. மார்ச்சில் கடைசி வகுப்புக்குப் பிரிவு உபசாரம். அன்றைக்கே ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டு விலாசம், மாமா விலாசம், வேலைக்குப் போகப்போகிற ஊர் எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகஸ்டு பதினைந்து பழைய மாணவர்களோடு வாலிபால். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலம் வந்தால் ஒரு பூசணிக்காய் பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஏலம் போகும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறவர்களைப் பிடிக்க டிசம்பர் இருபத்தேழில் கூட்டம். ரம்ஜான் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதால், அதை மட்டும் பென்சிலால் குறிப்பார். அந்த மாதம் பள்ளிக் கட்டடத்துக்கென்று யாரிடமும் பணம் கேட்கக் கூடாது. ஜக்காத் என்ற தர்மப் பணம் ஏழைப் பிள்ளைக்குத்தான் போக வேண்டும், செங்கல்லுக்குப் போகக் கூடாது என்று ஷபீ அஹமது ஒருநாள் சொன்னதிலிருந்து, ரம்ஜானில் வருகிற பணமெல்லாம் பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு என்று சார் ஏற்பாடு செய்துவிட்டார்.

ஷபீ அஹமது சாரிடம் கணக்கில் மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை பாஸானவன். அப்பாவின் தோல் பதனிடும் தொழிற்சாலையை இப்போது அவன்தான் நடத்துகிறான். சாரின் செல்லப் பிள்ளை என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் அவனைத்தான் சொல்வேன்.

ஆரம்பத்தில் சாரிடம் ஒரு கொள்கை இருந்தது. "மூணு தடவை விசாரிக்கணும் ரோஸ், நாலாவது தடவைதான் கேக்கணும்" என்பார். வருஷத்துக்கு நாலு கடிதம். மூன்று வெறும் நலம் விசாரிப்பு. அதுவும் கார்டில், தன் கையாலேயே எழுதுவார். உன் தம்பி கால் கட்டைப் பிரித்தாயிற்றா, ராணிப்பேட்டை வேலை நிரந்தரம் ஆயிற்றா, பாட்டை விட்டுவிட்டாயா, இன்னும் பாடுகிறாயா என்று ஆளுக்கு ஒரு விஷயம். டிசம்பர் கடிதத்தில்தான் பணம் பற்றி ஒரு வரி வரும். வந்த பணம் குறைவுதான். ஆனால் ஜனங்கள் வந்தார்கள். டிசம்பர் கூட்டத்தில் பெஞ்சு போதாமல் பாய் விரித்த காலம் உண்டு.

எழுபத்தெட்டில் பிளஸ் டூ வந்தது. ஆய்வுக்கூடம் இல்லாமல் அறிவியல் பிரிவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸேறி ஆம்பூருக்கோ வேலூருக்கோ போக வேண்டும். தாளாளர் சுந்தர்ராஜ் அய்யா சாரைக் கூப்பிட்டார்.

"சும்மா நலம் விசாரிச்சு இன்னா ஆகப்போவுது? தபால் செலவுதான் தண்டம். எல்லா லெட்டர்லயும் கடைசியில ஒரு பாரா சேர்த்துடுங்க. கையில எழுதிட்டு இருக்காதீங்க, ரோஸ் ஸ்டென்சில் வெட்டித் தரும், மெஷின்ல காப்பி எடுத்துக்கலாம்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போல, என் விரலையும் சாரின் பெயரையும் அவர் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார். சார் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஆய்வுக்கூடம் வேண்டும் என்று அவருக்கும் இருந்தது. 'ஆய்வுக்கூடக் கட்டட நிதிக்குத் தங்களால் இயன்ற நன்கொடையை அனுப்பி உதவுமாறு' என்று தொடங்கும் அந்தப் பாராவை ஆறு வருஷம் தட்டியிருக்கிறேன். இப்போதும் தூக்கத்தில் எழுப்பி மெஷின் முன்னால் உட்கார வைத்தால் என் விரல் தானாக அதைத்தான் அடிக்கும்.

கடிதங்களைப் பழுப்புக் கவரில் போட்டு, ஒட்டாமல், மூடியை உள்ளே செருகி, கட்டணம் குறைவான புக் போஸ்டில் அனுப்புவோம். வருஷம் பூராவுக்கும் வேண்டிய கவர்களை ஜனவரியிலேயே மொத்தமாக விலாசம் எழுதி, மூலையில் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, நாலு கட்டாகக் கட்டி பீரோவில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஒரு கட்டில் நானூற்று அறுபது கவர்.

மெல்ல மெல்ல ஊரில் சாருக்கு 'ரசீது சார்' என்று பெயர் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் சீக்கிரம் கை கழுவப் போய்விடுவார். பஸ் ஸ்டாண்டில் எதிரே வருகிற பழைய மாணவன், வணக்கம் சொல்வதற்குப் பதிலாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பான். சாரின் மனைவி ஜெபகனியம்மா ஒருதடவை என்னிடம், "இவரை எனக்கா கட்டிக் குடுத்தாங்க, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் குடுத்தாங்க" என்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை.

எண்பத்து நாலில் ஆய்வுக்கூடம் சுவர் எழும்பி, கூரை இல்லாமல் நின்றது. அந்தச் சமயத்தில்தான் கிரேஸிக்கு வரன் அமைந்தது. பையன் கிறிஸ்துராஜ், வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். சார் இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் மே பதினேழு. ஏப்ரல் கடைசியில் பத்திரிகை அச்சாகி வந்தது. சார் பசங்களுக்கென்று ஐந்நூறு பத்திரிகையை என் மேஜையில் வைத்துவிட்டு, புதுக் கவர் வாங்க வேண்டும் என்றார். அன்றைக்கு நல்ல வெயில். காலையிலிருந்து மாற்றுச் சான்றிதழ் அடித்து அடித்து என் தோள்பட்டை இற்று விழுந்துகொண்டிருந்தது.

"ஜூன் கட்டு ரெடியா இருக்குதே சார். திரும்பவும் நானூத்து அறுபது விலாசம் என்னால எழுத முடியாது."

"சங்கத்து ஸ்டாம்பு இருக்குதேம்மா அதுல."

"இருந்தா இன்னா சார்? உங்களத் தெரியாதவங்களா அவங்க?"

சார் கவர் கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நானூற்று அறுபது கவருக்கும் கணக்குப் போட்டு நாற்பத்தாறு ரூபாயைச் சங்கப் பெட்டியில் போட்டார். ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் தன் பெயருக்குத் தானே ஒரு ரசீது எழுதிக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட மனுஷனோடு யாரால் சண்டை போட முடியும்?

இந்துக்கள் வீட்டுப் பத்திரிகை என்றால் கவர் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். பிரிக்காமலே கல்யாணம் என்று தெரிந்துவிடும். எங்களில் அந்த வழக்கம் இல்லை. பழுப்புக் கவர், புக் போஸ்ட், மூலையில் பழைய மாணவர் சங்க ஸ்டாம்பு. இதையெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. என் தோள்பட்டையைத்தான் யோசித்தேன்.

பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தபாலில் அனுப்பினால் மரியாதை இல்லை, நேரில் போய் அழைக்க வேண்டும் என்று சார் சைக்கிளில் கிளம்பினார். தோளில் வழக்கமான ஜோல்னாப் பை. ஷபீ அஹமதின் தொழிற்சாலை வாசலில் காவல்காரர் அப்துல் கஃபார் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"முதலாளி மெட்ராஸ் போயிருக்கார் சார்."

"போன தடவையும் மெட்ராஸ்தானேப்பா?"

"ஆமா சார். ஜாஸ்தி வேலை."

உள்ளே ஷபீயின் கார் நின்றிருந்தது. சார் கவரைக் காவல்காரர் கையில் கொடுத்து, "கட்டாயம் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு வந்தார். இதை அவரே என்னிடம் சொன்னார். காரைப் பார்த்ததையும் சொன்னார். "டிரைவர் லீவுல இருப்பான் போல, ரயில்ல போயிருப்பான்" என்று அவனுக்காக ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்.

மே ஆறாம் தேதிக்கு மேல் மணியார்டர் வர ஆரம்பித்தது. முதலில் ராணிப்பேட்டையிலிருந்து இருபத்தைந்து ரூபாய். கூப்பனில், 'ஆய்வுக்கூட நிதிக்கு' என்று எழுதியிருந்தது. எப்போதோ போட்ட கடிதத்துக்கு இப்போது அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் மூன்று வந்தது. அதற்கு மறுநாள் ஐந்து. நாங்கள் மார்ச்சுக்குப் பிறகு பணம் கேட்டுக் கடிதமே போடவில்லை. ஒரு கூப்பனில், 'சார், இந்த வருஷமும் என்னால் முடிந்தது இவ்வளவுதான், மன்னிக்கவும்' என்றிருந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கவரைப் பார்த்ததுமே பணத்தை அனுப்பியிருக்கிறார்கள். யாரும் பிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நான் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நூறு பேருக்காவது கார்டு போட்டிருக்கலாம், நாலு பேரை அனுப்பி வாய்வார்த்தையாகச் சொல்ல வைத்திருக்கலாம். சார் அந்த நாட்களில் சமையல், பந்தல், சர்ச் என்று அலைந்து முகம் கறுத்துப் போயிருந்தார். ஆபீசுக்குள் வரும்போதெல்லாம் "பசங்க யாராச்சும் பதில் போட்டாங்களா?" என்று கேட்டார். "கல்யாணத்துக்கு யார் சார் பதில் போடுவாங்க, நேரா வந்துடுவாங்க" என்று சொன்னேன். கவர் யோசனை என்னுடையது என்பதால் வாய் வரவில்லை. பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. இருபத்து மூன்று மணியார்டரையும் கையெழுத்துப் போட்டு வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

கல்யாணத்தன்று காலையில் வேலூரிலிருந்து மூன்று பஸ் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சர்ச்சில் வலது பக்கப் பெஞ்சுகள் முழுவதையும் நிரப்பி, சுவரோரமும் நின்றார்கள். இடது பக்கம் பெண் வீட்டார். முதல் மூன்று பெஞ்சில் சொந்தக்காரர்கள், நாலாவதிலும் ஐந்தாவதிலும் வாத்தியார்கள், அதற்குப் பின்னால் வெறும் பலகை. சார் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "பஸ் லேட்டு போல, அஞ்சு நிமிஷம்" என்றார் சார். அந்த ஐந்து நிமிஷம் அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு கிரேஸியே வாசலுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கப்பா, போலாம்" என்றாள். மகளை அப்பாதான் பீடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அன்றைக்கு மகள்தான் அப்பாவை அழைத்துப் போனாள்.

பிரியாணி ஆபித் பாஷாவின் கை. ஆளுயரத் தேக்சாப் பாத்திரம் இரண்டு, தம் போட்டு, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி வைத்திருந்தார். முதல் தேக்சாவே மாப்பிள்ளை வீட்டாருக்கும் மற்றவர்களுக்கும் போதுமானதாக இருந்தது. மூன்று மணிக்கு ஆபித் பாஷா, "சார், ரெண்டாவத ஒடைக்கட்டா?" என்று கேட்டார். சார் ரோட்டுப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில்தான் இருந்தார். நல்ல மனுஷன், எதுவும் கேட்கவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலி வரிசைகளை ஒருதடவை பார்த்துவிட்டு, "வெயில் ஜாஸ்தி, யாரும் வெளிய கிளம்ப மாட்டாங்க" என்றார். அவர் கேட்டிருந்தால்கூட சாருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். இரண்டாவது தேக்சாவை அப்படியே வண்டியில் ஏற்றி, தொழிற்சாலைக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் பக்கம் கொண்டுபோய்ப் பங்கு வைத்தார்கள்.

மறுநாள் சார் ஆபீசுக்கு வந்தார். நான் டிராயரைத் திறந்து மணியார்டர் கூப்பன்களை அவர் முன்னால் பரப்பினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. சார் ஒவ்வொரு கூப்பனாக எடுத்துப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ரசீதுப் புக்கு எங்கம்மா?" என்றார். இருபத்து மூன்று ரசீதையும் அவரே எழுதினார். இரண்டில் பெயரை மாற்றி எழுதிவிட்டதால் அவற்றைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அதற்கு அடுத்த வாரம் ஷபீ அஹமது வந்தான். தேக்சா பங்கு வைத்த இடத்தில் அவன் தொழிற்சாலை ஆட்களும் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தான் அவனுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. ஆபீஸ் மேஜையில் பழுப்புக் கவர்களை வைத்தான். ஒன்பதோ பத்தோ இருக்கும். எதுவும் பிரிக்கப்படவில்லை, மேலே இருந்த ஒன்றைத் தவிர.

"எல்லாத்தையும் டிராயர்ல போட்டு வச்சிருந்தேன் சார். வருஷக் கடைசில மொத்தமா செக்கு குடுத்துடலாம்னு. இப்பிடி ஆவும்னு..." அவனால் முடிக்க முடியவில்லை. "பேஜார் பண்ணிக்காதீங்க சார். கூரை செலவு முழுக்க என்னுது. நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

சார் கவர்களை ஓரமாகத் தள்ளினார். "கூரை கெடக்குதுடா," என்றார். "கல்யாணத்துக்கு வந்திருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னார். ஷபீ தலையைக் குனிந்துகொண்டான். நான் டைப்ரைட்டருக்கு உறை போடுவது போல எழுந்து திரும்பிக்கொண்டேன்.

விஷயம் மெல்லப் பரவியது. பணம் வந்தது, அதுவரை எந்த வருஷமும் வராத அளவுக்கு வந்தது. கூச்சத்தில் கொடுக்கிற பணத்துக்குக் கணக்கு இல்லை. அக்டோபரில் கூரை போட்டாயிற்று. சுந்தர்ராஜ் அய்யா மேடையில் சாரைப் பாராட்டி, இந்த முறை பெரிய சால்வையாகப் போர்த்தினார். சார் அதை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

எண்பத்தைந்து ஜனவரி முதல் தேதி சார் காலண்டர் முன்னால் உட்காரவில்லை. தன் சொந்தக் காசில் நானூற்று அறுபது கார்டு வாங்கி வந்திருந்தார்.

"கடைசிப் பாரா எப்பிடி சார் கார்டுல அடங்கும்?" என்று கேட்டேன்.

"பாரா இல்ல ரோஸ். விசாரிக்கிறது மட்டும்தான். கார்டுன்னா பிரிக்க வேண்டியது இல்ல பாரு."

ஒரு மாதம் எழுதினார். முந்தி எழுதியது போல ஆளுக்கு ஒரு விஷயம் எழுத நினைத்தார். பாதிப் பேருக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக அவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போயிருந்தது. நான் விலாசம் எழுதினேன். தோள்பட்டை வலித்தது. வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரியில் பதில்கள் வந்தன. 'சார், எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று குறிப்பிட மறந்துவிட்டீர்கள்.' முதல் கடிதம் இப்படி. இரண்டாவதும் ஏறக்குறைய இப்படித்தான். முப்பது பதிலில் இருபத்தைந்து இந்த ரகம். சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று பத்து ரூபாய் மணியார்டரும் செய்திருந்தார்கள். சார் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிலாயிலிருந்து அமிர்தவள்ளி எழுதியிருந்தாள். எழுபத்தைந்தில் படித்து முடித்தவள். புருஷனுக்கு அங்கே இரும்பு ஆலையில் வேலை. நாலு பக்கம். பிள்ளைகளைப் பற்றி, அந்த ஊர்க் குளிரைப் பற்றி, சார் எழுதிய கார்டை மூன்று தடவை படித்ததைப் பற்றி. கடைசியில் இப்படி இருந்தது: 'கிரேஸி உங்கள் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து பள்ளிக்கு வருவாளே, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இப்போது கல்யாண வயதாகியிருக்கும். எங்களையெல்லாம் மறந்துவிடாமல் பத்திரிகை அனுப்புங்கள் சார். எத்தனை தூரமானாலும் வந்துவிடுவேன்.'

சார் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"ரோஸ், மீந்துபோன பத்திரிகை ஏதாச்சும் இருக்குதாம்மா?"

நாற்பதுக்குக் குறையாமல் பீரோவில் இருந்தது. ஒன்றை எடுத்து, கடைக்குப் போய் வெள்ளைக் கவர் ஒன்று வாங்கி வந்து, அதற்குள் போட்டு ஒட்டினேன். அமிர்தவள்ளியின் விலாசத்தை நான்தான் எழுதினேன்.